தாத்தாவின் ரிவால்வர்: முத்திரையையும் எண்ணையும் படித்து அடையாளம் காண ஒரு வழிகாட்டி

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வீரவநல்லூர் வீட்டில் பீரோவின் அடித்தட்டைத் திறந்தோம். பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு ரிவால்வர், ஒரு சிகரெட் டப்பாவில் பதினொரு தோட்டா, முனை மடங்கிய ஒரு லைசென்ஸ் புத்தகம். தாத்தா பெயரில் இருந்து அப்பா பெயருக்கு மாறிய லைசென்ஸ் அது. "வெப்ளி, .32, எண் 4417" என்று அதில் எழுதியிருந்தது; .32 என்பது குண்டளவு. 1857 கலகத்தின்போது வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம்.

பிறகு தெரிந்தது: அது வெப்ளி என்ற ஆங்கிலக் கம்பெனி செய்தது இல்லை, இங்கிலாந்தில் செய்ததும் இல்லை. எண் 4417 இல்லை. 1857-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நான்கையும் கண்டுபிடித்து, லைசென்ஸ் பதிவைத் திருத்தி முடிக்க எனக்கு எட்டு மாதமும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒன்பது நடையும் ஆயின. நான் செய்த வரிசை தப்பு. நீங்கள் சரியான வரிசையில் செய்தால் பாதி நாளும் பாதி அலைச்சலும் மிச்சமாகும்.

1. படிப்பதற்கு முன்னால் ஒப்படையுங்கள்

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க வாரிசுக்குத் தானாக உரிமை வந்துவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தாமதமில்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. "என்ன மாடல் என்று பார்த்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம்" என்று இரண்டு வாரம் வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

நிலையத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு காவலர் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார். நீங்களே கொண்டுபோகச் சொன்னால் தோட்டாவையும் துப்பாக்கியையும் தனித்தனிப் பையில் வைத்து, லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் கூடவே எடுத்துப் போங்கள்.

அதற்குள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் தொடவே வேண்டாம், குழாய்முனை சுவரைப் பார்க்கும்படி அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தோட்டாவுக்குப் பதிலாக மருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்து, பின்னால் கேப் மாட்டும் மிகப் பழைய வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் கெட்டித்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மிச்சமிருக்கும் தோட்டாக்களைத் தாமிரபரணியிலோ கிணற்றிலோ போட்டுவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா அதைத்தான் சொன்னார். எண்ணி, ரசீதில் எழுதவைத்து ஒப்படையுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் தோட்டாக் கணக்கும் இருக்கிறது.

ஒப்படைப்பு ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்பதை நின்று பாருங்கள். லைசென்ஸில் உள்ளதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். "லைசென்ஸில் உள்ளபடி எண் இது, துப்பாக்கியில் தெரிவது இது" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு இது அப்போது தோன்றவில்லை. தப்பான எண் லைசென்ஸில் இருந்து ரசீதுக்கு வந்து, ரசீதிலிருந்து டீலரின் பதிவேட்டுக்கும் போய், மூன்று இடத்தில் திருத்த வேண்டியதாயிற்று.

பிறகு அனுமதி வாங்கி ஒரு டீலரிடம் மாற்றிக்கொண்டால் நல்லது. டீலர் கடையில் அவர் முன்னிலையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எனக்கு மாதம் 300 ரூபாய் வைப்புக் கட்டணம் ஆயிற்று. இனி சொல்வதெல்லாம் அந்த மேஜையில் செய்ய வேண்டியவை.

2. துடைக்காதீர்கள்

தனித் தலைப்பு போடும் அளவுக்கு இது முக்கியம். குத்துவிளக்கைப் போலப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்து "பளபள" என்று ஆக்கிய ஒரு ரிவால்வரை அந்த டீலர் எனக்குக் காட்டினார். முத்திரை இருந்த இடத்தில் வழவழப்பு மட்டும்தான் இருந்தது. உப்புத்தாள், துருநீக்கி, கம்பி பிரஷ் எதுவும் கூடாது. தேங்காய் எண்ணெயும் கூடாது. அது காய்ந்து பிசினாகி எழுத்துக்குழிகளை அடைத்துக்கொள்ளும்.

சட்டப்படியும் ஆபத்து உண்டு. ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி உங்களிடம் இருந்தால், நீங்கள் அழிக்கவில்லை என்று நிரூபிக்கும்வரை நீங்கள்தான் அழித்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆர்வக்கோளாறில் தேய்த்தவருக்கும் இது பொருந்தும். மங்கிய எண்ணை ஆழமாக்குகிறேன் என்று ஆசாரியிடம் கொடுத்துத் திரும்பக் கொத்துவது அதைவிட மோசம்.

மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டு ஒற்றி எடுத்தால் போதும்.

3. மேஜையில் என்ன வேண்டும்

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. திருநெல்வேலி ஜங்ஷனில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். சின்ன டார்ச், முகப்பவுடர், டிரேசிங் தாள், மென்மையான பென்சில், வெர்னியர் அளவுகோல். டீலரிடம் வெர்னியர் இருக்கும்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். பக்கவாட்டில், இரும்போடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தால் எழுத்தின் நிழல் எழும்பும். பவுடரை விரலால் தடவி மேலோட்டமாக ஒற்றி எடுத்தால் குழியில் வெள்ளை நிற்கும். அப்புறம் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தது மாதிரி. எங்கள் துப்பாக்கியில் 4417 என்று எல்லோரும் படித்த எண்ணின் மூன்றாவது இலக்கம், பவுடர் போட்ட பிறகு மேலே ஒரு குறுக்குக்கோடு தெரிந்து 7 ஆயிற்று. 4477.

பார்ப்பதை எல்லாம் ஒரு தாளில் இடம் குறித்து எழுதுங்கள்: "பேரல் மேலே", "ஃபிரேம் வலப்புறம், சிலிண்டருக்குக் கீழே", "பிடியின் அடியில்", "சிலிண்டரின் பின்முகம்". பேரல் என்பது குண்டு வெளிவரும் குழாய், சிலிண்டர் தோட்டா போடும் சுழல் உருளை, ஃபிரேம் இரண்டையும் தாங்கும் உடல். இடம் குறிக்காத முத்திரையால் பயனில்லை. பிடிப்பலகைக்கு அடியிலும் முத்திரை இருக்கும். அதைக் கழற்றுவதை டீலரிடம் விடுங்கள். பொருந்தாத திருப்புளி போட்டுப் பழைய திருகைச் சிதைத்தால் அதுவே பிற்காலத்தில் "கழற்றி மாற்றியிருக்கிறார்கள்" என்ற சந்தேகத்துக்கு இடம் தரும்.

4. முதலில் உருவம், அப்புறம் எழுத்து

எழுத்தைப் படிக்கும் அவசரத்தில் துப்பாக்கியின் அமைப்பைப் பார்க்க மறந்துவிடுகிறோம். எப்படித் திறக்கிறது? நடுவில் மடங்கி, பேரல் கீழே சாய்ந்து, தோட்டாக் கூடுகள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்புகிறதா? சிலிண்டர் இடப்பக்கமாக வெளியே வருகிறதா? இரண்டும் இல்லாமல், வலப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போடுவதா? சிலிண்டரில் ஐந்து துளையா ஆறா? பிடியின் அடி சதுரமா, கிளி மூக்குப் போல வளைந்ததா?

நம் பக்கம் நடுவில் மடங்கும் ரிவால்வர் எதுவானாலும் "வெப்ளி" என்றே சொல்லிவிடுகிறார்கள். லைசென்ஸ் எழுதிய பழைய குமாஸ்தாக்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியும் அந்த அமைப்பில் செய்தது. அதைப் பார்த்து பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் ஏராளமாகச் செய்தார்கள். எங்களுடையது அந்த பெல்ஜிய வகைதான்.

உண்மையான வெப்ளிப் படைத்துறை வரிசையில் உருவமே காலத்தைச் சொல்லிவிடும். மார்க் 1 1887-இல் வந்தது, மார்க் 4 1899-இல், மார்க் 5 1913-இல், மார்க் 6 1915-இல். மார்க் 5 வரை பிடி வளைந்த மூக்கு. மார்க் 6-இல் பிடியின் அடி சதுரம், பேரல் 6 அங்குலம். ஆகவே சதுரப் பிடி உள்ள ஒன்றைக் காட்டி "ராணி விக்டோரியா காலத்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கட்டபொம்மன் காலத்து ரிவால்வர் என்று விலை பேசுகிறவர்களையும் நம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது 1799-இல். சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் தன் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836-இல். அதேபோல் "வாஞ்சிநாதன் வைத்திருந்த ரிவால்வர் மாதிரி" என்ற பேச்சும் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வெடித்தது பிரவுனிங் பிஸ்டல், சுழலும் சிலிண்டர் இல்லாதது. அந்தப் பெயர்களை வைத்து வியாபாரம் செய்வது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

5. புரூஃப் ஹவுஸ் முத்திரைகள்

நான் அதிக நேரம் செலவழித்ததும் எனக்கு உண்மையைச் சொன்னதும் இந்த முத்திரைகள்தான். ஐரோப்பாவில் செய்த துப்பாக்கியை விற்பதற்கு முன், கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, பேரல் தாங்கினால் அரசு ஒப்புதல் பெற்ற சோதனைச்சாலை ஒரு சின்ன முத்திரை குத்தும். செய்தவர் பெயரைப் போலியாகப் பொறிக்கிறவர்கள்கூட இந்த முத்திரைகளைச் சரியாகப் பொறிப்பதில்லை. அளவு அரிசி மணிக்கும் குறைவு. பேரலின் அடி, ஃபிரேமின் பக்கம், சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்கு இடையிலும் தேடுங்கள்.

லண்டன்: கிரீடத்துக்குக் கீழே ஜி, பி பின்னிய எழுத்து, கிரீடத்துக்குக் கீழே வி.

பர்மிங்ஹாம்: 1813-இல் தொடங்கிய சோதனைச்சாலை. 1904 வரை, கிரீடத்தோடு குறுக்காக வைத்த இரண்டு செங்கோல். அதன் இடுக்குகளில் எழுத்து. 1904-க்குப் பிறகு கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்று இரண்டிரண்டு எழுத்து. இதில் என்.பி. என்பது புகையில்லா மருந்துக்குச் சோதித்ததன் அடையாளம். ஆகவே செங்கோலா எழுத்தா என்று பார்த்த உடனேயே 1904-க்கு இப்புறமா அப்புறமா என்று தெரிந்துவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: பழைய துப்பாக்கியைப் பின்னாளில் மறுபடி சோதிக்கக் கொடுத்திருந்தால் இரண்டு கால முத்திரையும் ஒன்றாக இருக்கும். அப்போது பழையதை வைத்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும்.

பெல்ஜியத்தின் லியேஜ்: முட்டை வடிவ வளையத்துக்குள் இ, எல், ஜி என்று மூன்று எழுத்து. 1893 ஜூலையில் இருந்து அந்த வளையத்தின் தலையில் கிரீடம் சேர்ந்தது. முறுக்குக்கோடு போட்ட பேரலுக்குக் கிரீடம் வைத்த ஆர் எழுத்தும் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து வரும். நட்சத்திரத்துக்குக் கீழே தனி எழுத்து இருந்தால் அது சோதித்த அலுவலரின் குறி, செய்தவரின் பெயரெழுத்து இல்லை.

எங்கள் சிலிண்டரில் முட்டை வளையமும் அதன் மேல் கிரீடமும் இருந்தன. லென்ஸில் அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 1893-க்கு முன்னால் அது பிறந்திருக்கவே முடியாது. 1857 கதை அங்கேயே முடிந்தது. தாத்தா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார்.

அரசு உடைமைக் குறியும் உண்டு. மேல்நோக்கிய அகலமான அம்பு பிரிட்டிஷ் அரசுடையது. அம்புக்குக் கீழே ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசுக்காக வாங்கியது. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதினாற்போல் இருந்தால், படையிலிருந்து கழித்து முறையாக விற்றது. அம்பு ஒன்று மட்டும் இருந்து, விற்ற குறி இல்லாவிட்டால் அது தனியார் கைக்கு எப்படி வந்தது என்று கேள்வி வரலாம். பழைய லைசென்ஸ் தாள் எதையும் எறியாதீர்கள்.

6. பொறித்த பெயர்: செய்தவரா, விற்றவரா?

பேரலின் மேற்பட்டையில் அழகான சாய்வெழுத்தில் ஒரு சென்னைக் கடையின் பெயர் எங்களுடையதில் இருந்தது. அதை வைத்துத்தான் வீட்டில் எல்லோரும் "இங்கிலீஷ் கம்பெனி" என்று சொல்லிவந்தார்கள். சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் மேன்டன், ரோடா, பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்த ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர் போன்றவை வெளிநாட்டுச் சரக்கை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றவை. அந்தப் பெயரால் எங்கே விற்றது என்று தெரியும். எங்கே செய்தது என்று தெரியாது. சில கடைகள் தங்கள் இருப்புக் கணக்குக்காகத் தனி எண்ணும் பொறித்தன. அதைச் சீரியல் எண் என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்தவர் பெயரே காலத்தைச் சொல்லும் இடமும் உண்டு. "பி. வெப்ளி அண்ட் சன்" என்றிருந்தால் 1897-க்கு முந்தியது. அந்த ஆண்டில் நிறுவனங்கள் சேர்ந்து "வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி" ஆனது. 1906-இல் பெயர் சுருங்கி "வெப்ளி அண்ட் ஸ்காட் லிமிடெட்" ஆனது. "வார் ஃபினிஷ்" என்று பொறித்த வெப்ளி .38, இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்ட் ஆலையில் செய்ததென்றால் ஃபிரேமின் வலப்புறம் கிரீடமும் மாடலும் ஆண்டும் நேராகவே இருக்கும்.

பேரலில் தேதியோடு ஆங்கில வாசகம் இருந்தால் அதைச் செய்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க ரிவால்வர்களில் இருப்பது பெரும்பாலும் காப்புரிமை பெற்ற தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு பல வருடம் அதே வாசகத்தோடு செய்துகொண்டே இருந்தார்கள். கடைசித் தேதிக்குப் பிறகு செய்தது என்பது மட்டுமே நிச்சயம்.

7. எண்

எண் ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வெப்ளி எல்லோருமே மாடலுக்கு மாடல் தனி வரிசையில் எண் போட்டார்கள். ஒரே எண் ஐந்து வேறு துப்பாக்கிகளில் இருக்கலாம். மாடல், குண்டளவு, எண் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி.

எங்கே பார்ப்பது? ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பிடியின் அடிப்பகுதி; சிலிண்டரின் பின்முகத்திலும் பேரலின் அடியிலும் அதே எண் வரும். சிலிண்டரை வெளியே சாய்த்ததும் அதைத் தாங்கும் இரும்புக் கையின் வளைவில் ஒரு எண் கண்ணில் படும். அது தொழிற்சாலையில் பாகங்களைச் சேர்க்கப் போட்ட எண். அதைச் சீரியல் என்று லைசென்ஸில் எழுதிய கேஸ்கள் இரண்டை டீலர் எனக்குக் காட்டினார். போர்க்காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் எண்ணுக்கு முன் வி எழுத்து வரும். அந்த எழுத்தும் எண்ணின் பகுதி, விடக்கூடாது. கோல்டின் 1873 சிங்கிள் ஆக்ஷன் மாடலில் ஃபிரேம், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வெப்ளியில் ஃபிரேமின் வலப்புறம், சிலிண்டருக்குக் கீழே. பேரலிலும் சிலிண்டரிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாகத்துக்குப் பாகம் எண் வேறுபட்டால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ரிப்பேரில் சிலிண்டர் மாற்றியிருக்கலாம். விலை குறையும், ஆனாலும் துப்பாக்கி உண்மையானதாகவே இருக்கலாம். சட்டத்துக்கு முக்கியம் ஃபிரேமில் உள்ள எண்.

அமெரிக்கத் துப்பாக்கி என்றால் இன்னொரு வழி உண்டு. கோல்ட் நிறுவனத்தின் ஆவணப்பிரிவும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையும், எண்ணைக் கொடுத்தால் எந்த நாளில் எந்தக் கடைக்கு அனுப்பியது என்று கடிதம் தருகின்றன. நான் விசாரித்தபோது 100 டாலர் அளவில் கேட்டார்கள். மாடலும் எண்ணும் சரியாகப் படித்த பிறகே அனுப்புங்கள். தப்பான எண்ணுக்கும் பணம் போய்விடும். கடிதம் வந்தால் ஃபிரேமின் எண்ணோடு குண்டளவு, பேரல் நீளம், மேற்பூச்சு மூன்றையும் கடிதத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

8. எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்

பழைய எண்கள் ஒவ்வோர் இலக்கமாகக் கையால் அடித்தவை. வரிசை ஒரு மயிரிழை ஏறி இறங்கும், ஆனால் ஒரே உளித்தொகுப்பின் எழுத்து. ஓர் இலக்கம் மட்டும் வேறு உருவத்தில் இருந்தால் பின்னால் அடித்தது. எண்ணின் விளிம்பில் இரும்பு மேலெழும்பிக் கூர்மையாக இருந்து, சுற்றிலும் உள்ள பரப்பு தேய்ந்திருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை இல்லை. எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தால் பழைய எண்ணை அரைத்தெடுத்திருக்கலாம். ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலை அங்கே குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், இடைவெளி தெரியும்.

துருக்குழியின் உள்ளேயும் கருநீலப் பூச்சு இருந்தால் துரு ஏறிய பிறகு புதிதாகப் பூசியது. திருகுத்துளையின் விளிம்பு சாய்ந்து வழுக்கியிருந்தால் சாணை பிடித்திருக்கிறார்கள்.

பாகிஸ்தானின் எல்லைப்புறத்தில் தர்ரா ஆதம்கேல் என்ற ஊர்ப் பக்கம் கையால் செய்த நகல்கள் பழைய பொருள் என்ற பெயரில் சுற்றி வருகின்றன. ஆங்கில என் எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும், ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை இருக்கும், புரூஃப் முத்திரை இருக்கவே இருக்காது, அல்லது கிரீடம் என்ற பெயரில் ஏதோ கிறுக்கல் இருக்கும். கான்பூரில் நம் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வரும் வெப்ளி அமைப்பைப் பின்பற்றியதுதான். முத்திரையைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் பார்த்து அதைப் பழையது என்று விலை கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

தோல் உறை, பெட்டி, தோட்டாவின் அடியில் உள்ள எழுத்து இவை எதுவும் துப்பாக்கியின் வயதுக்குச் சாட்சி இல்லை. அவை எல்லாம் தனியாக வாங்கிச் சேர்க்கக் கூடியவை.

9. குண்டளவை அளந்து எழுதுங்கள்

பலர் சட்டத்தில் மாட்டுவது இதில்தான். குண்டின் குறுக்களவு .32-க்கு சுமார் 7.9 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் .38-க்கு சுமார் 9.2, .455-க்கு சுமார் 11.5. டீலர் அளந்து சொல்வார். .380, .455 தோட்டாக்களைப் போட்டு வெடிக்கக்கூடிய ரிவால்வர்கள் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குண்டளவு வகை. அலுவலகத்தில் "பி.பி." (புரோஹிபிட்டட் போர்) என்பார்கள்; பர்மிங்ஹாம் முத்திரையின் பி.பி. வேறு. மற்றவை "என்.பி.பி.". பி.பி. ஆயுதத்துக்கு மாவட்டத்தில் லைசென்ஸ் கிடைக்காது, மத்திய உள்துறை வரை போக வேண்டும். உங்கள் தாத்தாவுடையது வெப்ளி மார்க் 6 என்றால் அது .455. விண்ணப்பம் எழுதும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பழம்பொருளுக்கு லைசென்ஸே வேண்டாமே" என்று நிறைய பேர் சொல்வார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத பழம்பொருளுக்கு. விசை வேலை செய்து சிலிண்டர் சுழன்றால் அந்த விலக்கை நம்ப வேண்டாம். 2020 பிப்ரவரி விதித்திருத்தம், கியூரியோ (அரும்பொருள்) வகையில் சேரும் ஆயுதத்தை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தவும் எடுத்துச்செல்லவும் லைசென்ஸ் வேண்டும். உங்களுடையது அந்த வகையா என்று நீங்களோ டீலரோ முடிவு செய்யக்கூடாது. முத்திரைப் படங்களோடு மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

10. தாள், செலவு, நாள்

நான் சேர்த்தவை: அசல் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று தந்த உறுதிமொழிப் பத்திரம், ஒப்படைப்பு ரசீது, டீலரின் ஆய்வுக் குறிப்பு, அளவுகோலோடு எடுத்த பன்னிரண்டு படங்கள், பென்சில் படிகள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தேன்; அது கைக்கு வர ஐந்து வாரம். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருந்தது. ஆகவே முதல் வாரமே அதற்குப் போட்டுவிடுங்கள்.

மகன், மகள், கணவன், மனைவி, மருமகன், மருமகள், உடன்பிறந்தவர் இவர்கள் வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்கலாம். வாரிசுச் சொத்து என்றாலும் ஒருவர் மொத்தம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் கிடைத்தால் 5 ஆண்டு செல்லும்.

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் பிரிவுக்குப் போகும் முன், உங்கள் வீடு மாநகரக் காவல் எல்லையிலா மாவட்டக் காவல் எல்லையிலா என்று உறுதிசெய்யுங்கள். விசாரணை அறிக்கை வரும் வழி மாறும். என் முதல் மனு தவறான பக்கம் போய் ஆறு வாரம் கிடந்தது. கட்டணம் ஆயுத வகைக்கு ஏற்ப மாறும். அங்கேயே கேட்டு, ரசீதோடு கட்டுங்கள், வெளியில் நிற்கும் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். நோட்டரி, முத்திரைத்தாள், படம், பயணம், வைப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு 7,400 ரூபாய் ஆயிற்று.

எண் திருத்தத்துக்குத் தனி மனு எழுதுங்கள், லைசென்ஸ் மாற்ற மனுவுக்குள் அதை நுழைக்காதீர்கள். "லைசென்ஸில் 4417, வெப்ளி என்றுள்ளது, ஃபிரேமிலும் சிலிண்டரிலும் 4477 என்றும் லியேஜ் முத்திரையும் காணப்படுகிறது, படம் இணைப்பு 3, 4, 7" என்று நேராக எழுதினேன். என் இரண்டாவது மனுவில் தாத்தா கதையெல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்த அலுவலர், "தம்பி, இரும்புல என்ன இருக்கோ அதை மட்டும் எழுதிட்டு வாங்க" என்றார். மூன்றாவது மனு ஒரு பக்கம். அதுதான் நகர்ந்தது.

விற்க நினைத்தால் டீலர் வழியாகப் போங்கள். தனியாருக்கு விற்பதென்றால், வாங்குகிறவர் அந்த ஆயுதத்தை வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். அதோடு மாவட்ட நடுவர் (கலெக்டர்) அல்லது அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். பெயரோ எண்ணோ இல்லாத துப்பாக்கியை விற்கவே முடியாது. நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் எவ்வளவு விலை சொன்னாலும் அந்த எண்ணமே வேண்டாம். முழு எண்ணும் தெரியும் படத்தை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் விரலை வைத்து எடுத்த படமே மாடலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போதும்.

திருத்திய லைசென்ஸ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, கவுண்ட்டரை விட்டு நகரும் முன், எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பென்சில் படியோடு வைத்துப் பாருங்கள். எனக்கு வந்த முதல் அச்சில் 4777 என்றிருந்தது.